பாசி எண்ணெயும் பாடுபடுவோரும்

பாசியிலிருந்து மோட்டார் ஓட்ட எண்ணெய் எடுக்கலாம் என்று விஞ்ஞானிகள் சொல்லி நெடுநாளாகிறது. இப்போது அதில் இன்னொரு படி ஏறியிருக்கிறார்கள். பாசியைத் தனியே வளர்க்காமல் பூஞ்சைக் காளானோடு சேர்த்து வளர்த்தால் அறுவடை சுலபமாகும், எண்ணெயும் கூடும் என்று சோதனைச் சாலைகளில் காட்டியிருக்கிறார்கள்.

காவேரி டெல்டாவில் நாற்றுப் பிடுங்கும் பெண்ணும், அரிசி மில்லில் மூட்டை தூக்கும் தொழிலாளியும் இதைப் பற்றி ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? இந்தத் தொழிலுக்கு வேண்டிய அத்தனையும் அவர்கள் காலடியில் கிடக்கிறது என்பதுதான் பதில். ஆண்டெல்லாம் அடிக்கும் வெயில், ஆற்றுத் தண்ணீர், வைக்கோல், புழுங்கல் அரிசி மில்லின் கழிவு நீர், கூலிக்கு வரும் கை இவை யாவும் தஞ்சையிலும் திருவாரூரிலும் நாகையிலும் மயிலாடுதுறையிலும் உண்டு. சரக்கு எங்கே இருக்கிறதோ அங்கே மூலதனம் ஒரு நாள் வந்தே தீரும். அது வந்து வாசலில் நிற்கும்போது விழிப்பதைவிட, முன்கூட்டியே விஷயத்தைப் புரிந்துகொண்டு கோரிக்கையைத் தயாராக வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

இது என்ன வித்தை?

பாசி நமக்குப் பழகிய பொருள். நடவு வயலில் தண்ணீர் நிற்கும்போது மேலே ஆடை கட்டுவதும், குளத்துப் படியில் வழுக்குவதும் அதுதான். அதிலே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இனங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வெயிலைக் கொண்டு, காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து அவை வளர்கின்றன. சில இனங்களில், காய்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எண்ணெய் சேர்கிறது. அதை டீசலுக்குப் பதிலாக எரிக்கும்படி மாற்ற முடியும்.

தொல்லையெல்லாம் அறுவடையில்தான். திறந்த குட்டையில் வளரும் பாசி, லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம், மிஞ்சினால் ஒரு கிராம் தேறும். ஒரு கிலோ காய்ந்த பாசி வேண்டுமானால் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் லிட்டர் தண்ணீரை வடித்தாக வேண்டும். ஒவ்வொரு பாசி அணுவும் ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்கு. வேட்டித் துணியில் கட்டினாலும் நிற்காது. மின்சாரத்தில் சுழலும் இயந்திரம் வைத்துப் பிரித்தால், கிடைக்கிற எண்ணெயின் சக்தியில் பெரும் பகுதியை இயந்திரமே விழுங்கிவிடுகிறது. மொத்தச் செலவில் ஏறத்தாழ கால் பங்கு இந்த அறுவடைக்கே ஆகிறது என்பது இத்துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

இங்கேதான் பூஞ்சை கை கொடுக்கிறது. பழைய சோற்றிலும் நனைந்த வைக்கோலிலும் பஞ்சு போலப் படர்கிறதே, அந்த இனம்தான். அது நூல் நூலாக வளரும். பாசி இருக்கும் தண்ணீரில் அதன் வித்தைத் தூவிக் கலக்கிவிட்டால், ஓரிரு நாளில் நூலிழைகள் பாசி அணுக்களை வாரிக்கட்டி, ஜவ்வரிசி போன்ற உருண்டைகளாக்கிவிடும். பிறகு சாதாரணச் சல்லடையிலேயே வடித்துவிடலாம். பூஞ்சை விடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்கிறது. பாசி விடும் பிராணவாயுவைப் பூஞ்சை எடுத்துக்கொள்கிறது. பூஞ்சையிலும் எண்ணெய் உண்டு. அதுவும் சேர்ந்து கணக்கில் வருகிறது.

அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தார், நானோகுளோராப்சிஸ் என்ற கடற்பாசி நுண்ணுயிரையும் மார்டியரெல்லா என்ற மண் பூஞ்சையையும் சேர்த்து வளர்த்த முடிவை 2018-ல் வெளியிட்டார்கள். அதே ஜோடியை நீண்ட நாள் ஒன்றாக வைத்தபோது, பாசி அணுக்கள் பூஞ்சை இழைக்குள்ளேயே புகுந்து உயிரோடு பிழைத்திருந்ததை 2019-ல் அறிவித்தார்கள்.

இயற்கைக்கு இந்தக் கூட்டு புதிதல்ல. மசாலாவுக்காக மளிகைக் கடையில் வாங்குகிறோமே கல்பாசி, அது ஒரு தனி உயிரே கிடையாது. பூஞ்சையும் பாசியும் ஓருடலாகக் கூடி வாழும் குடும்பம் அது. பூஞ்சை வீடு கட்டுகிறது, பாசி சோறு ஆக்குகிறது. மண்ணே இல்லாத பாறையிலும் மரப்பட்டையிலும் அந்தக் குடும்பம் பிழைத்துக்கொள்கிறது.

நம் நாட்டின் சொத்து

பாசி விஞ்ஞானம் மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று யாரும் எண்ண வேண்டாம். நெல் வயலில் ஆண்டாண்டாக உரம் போடாமலே ஓரளவு விளைவது எப்படி என்ற கேள்விக்கு, வயல் நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குத் தருகின்றன என்று 1939-ல் விடை கண்டவர் பி. கே. டே என்ற இந்திய விஞ்ஞானி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம். ஓ. பி. ஐயங்கார் இந்தத் துறைக்கு அஸ்திவாரம் போட்டார். அவருடைய மாணவர் டி. வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி எழுதிய பெருநூல் 1959-ல் வெளிவந்தது. டெல்டாவின் வாசலில், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், கடல் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே ஒரு தேசிய மையம் 1991 முதல் இருக்கிறது. 1922-ல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் நம் நடுவிலேயே நிற்கிறது.

இவையெல்லாம் மக்கள் வரிப்பணத்தில் எழுந்தவை. ஹெக்டேருக்கு 10 கிலோ பாசி உரத்தை நட்ட பத்தாம் நாள் வயலில் தூவினால் 20 முதல் 30 கிலோ வரை நைட்ரஜன் மிச்சமாகும் என்பது வேளாண் துறையே சொல்லி வரும் கணக்கு. இந்தப் பாசியைத் தட்டிலோ குழியிலோ கிராமத்திலேயே பெருக்க முடியும். ஆயினும் எத்தனை கிராமத்தில் அதைப் பெருக்குகிறார்கள்? யூரியா மூட்டைக்குக் கம்பெனி இருக்கிறது, ஏஜெண்டு இருக்கிறார், கடை இருக்கிறது, கடன் இருக்கிறது. வயல் நீரில் தானே வளரும் பாசிக்கு ஏஜெண்டு கிடையாது. விற்று லாபம் பார்க்க முடியாத விஞ்ஞானம் அலமாரியில் தூங்குகிறது.

லாபம் கண்ட இடமும் கைவிட்ட இடமும்

எண்ணெய்ப் பாசியின் கதையும் இதையே சொல்கிறது. அமெரிக்க சர்க்கார் 1978-ல் பாசி எண்ணெய் ஆராய்ச்சியைத் தொடங்கியது. அரபு நாடுகளின் எண்ணெய் விலை ஏறிய காலம் அது. விலை இறங்கியது, 1996-ல் அந்தத் திட்டத்தை மூடிவிட்டார்கள். 2009-ல் எக்ஸான் மொபில் என்ற உலகப் பெரும் எண்ணெய்க் கம்பெனி, பாசி எண்ணெய்க்கு 60 கோடி டாலர் வரை செலவிடப்போவதாகத் தம்பட்டம் அடித்தது. பல ஆண்டு விளம்பரம் நடந்தது. 2023-க்குள் அதுவும் கையைக் கழுவிக்கொண்டது.

நம் நாட்டில் காட்டாமணக்குக் கதை நடந்தது. 2003-ல் திட்டக் கமிஷன் குழு ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் காட்டாமணக்கு நடலாம், 2011-12-க்குள் டீசலில் 20 சதவிகிதம் கலக்கலாம் என்று திட்டம் தீட்டியது. தரிசிலே தண்ணீரில்லாமல் காய்க்கும் என்று சொல்லப்பட்டது. நட்டவன் வயிறு எரிந்ததுதான் மிச்சம். தண்ணீர் இல்லாத இடத்தில் காய் இல்லை. தண்ணீர் உள்ள இடத்தில் காட்டாமணக்கு நடுவானேன்? குறித்த ஆண்டு வந்தது. 20 சதவிகிதம் வரவில்லை.

ஆகவே, பாசியும் பூஞ்சையும் நாளைக்கே பெட்ரோல் பங்கை மூடவைக்கும் என்று யாராவது மேடையில் பேசினால் நம்ப வேண்டாம். சோதனைச் சாலைக் குடுவையில் நடந்தது ஏக்கர்க் கணக்கான குட்டையில் லாபகரமாக நடந்ததாக இன்றுவரை கணக்கு இல்லை. பூஞ்சைக்குத் தீனி வேண்டும். சர்க்கரையை விலைக்கு வாங்கிப் போட்டால் கட்டுப்படியாகாது. இதைச் சொல்வது விஞ்ஞானத்தைப் பழிப்பதாகாது. விஞ்ஞானத்தின் பேரால் நடக்கும் வியாபாரத்திலிருந்து அதைக் காப்பாற்றுவதாகும்.

சோற்றை எரிக்கும் கொள்கை

உயிரி எரிபொருள் என்ற சொல் டெல்டாவுக்கு இன்னொரு வழியாக ஏற்கெனவே வந்துவிட்டது. 2018-ல் மத்திய சர்க்கார் உயிரி எரிபொருள் கொள்கையை அறிவித்து, உபரி தானியத்திலிருந்து எத்தனால் எடுக்க வழி திறந்தது. 2020 ஏப்ரல் 20-ம் தேதி, இந்திய உணவுக் கழகக் கிடங்குகளிலிருந்த அரிசியை எத்தனாலாக்க அனுமதி தரப்பட்டது. அது எந்த நேரம் என்பதை மறக்க முடியுமா? ஊரடங்கில் வேலையிழந்த லட்சக்கணக்கான தொழிலாளிகள் பசியோடு நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டிருந்த நேரம். கிடங்கில் உபரி இருந்தது. அவர்கள் வயிற்றில் இல்லை.

2024-25 எத்தனால் ஆண்டுக்கு உணவுக் கழகத்தின் அரிசியில் 52 லட்சம் டன் ஒதுக்கினார்கள். 2025 ஜனவரியில் சாராய ஆலைகளுக்குக் குறித்த விலை குவிண்டால் ரூ.2,250. அந்த ஆண்டு சாதாரண ரக நெல்லுக்கு மத்திய சர்க்கார் அறிவித்த ஆதரவு விலை குவிண்டால் ரூ.2,300. கணக்கைப் பாருங்கள். ஒரு குவிண்டால் நெல்லை அரைத்தால் 67 கிலோ அரிசி. அப்படியானால் ஒரு குவிண்டால் அரிசிக்கு நெல் விலை மட்டுமே ரூ.3,400-க்கு மேல். அரவைக் கூலி, மூட்டை, வண்டி வாடகை, கிடங்குச் செலவு தனி. இதை ரூ.2,250-க்குக் கொடுத்தால் பாக்கியை யார் தலையில் வைத்தார்கள்? நம் தலையில்தான். ரேஷன் கடையில் மானியம் என்றால் பொருளாதாரம் கெட்டுவிடும் என்று புலம்புகிற பத்திரிகைகள், ஆலை அதிபர்களுக்குப் போன இந்த மானியத்தைப் பற்றி எவ்வளவு எழுதின?

ஒரு டன் அரிசியில் கிடைப்பது சுமார் 450 லிட்டர் எத்தனால். சேற்றில் நின்று முதுகு வளைத்து நட்டவள் உண்ண வேண்டிய சோறு அது.

உண்ணும் பொருளைத் தொடாமல் கழிவிலிருந்து எரிபொருள் எடுக்க முடியுமா என்ற கேள்வி இதனால்தான் நமக்கு முக்கியமாகிறது. பாசி-பூஞ்சை ஆராய்ச்சியை நாம் வரவேற்பதற்குக் காரணமும் இதுவே. ஆனால் அது யார் கையில், எந்த நிலத்தில், எந்தத் தண்ணீரில் நடக்கும் என்பதைத் தீர்க்காமல் வரவேற்பு மாலை போட நாம் தயாரில்லை.

டெல்டாவின் அனுபவம்

விஞ்ஞானம் டெல்டாவுக்கு வருவது இது முதல் தடவையல்ல. 1960-ல் தஞ்சை மாவட்டத்தில் தீவிர சாகுபடித் திட்டம் வந்தது. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. குறுவை பெருகியது, விளைச்சல் ஏறியது. நாமும் அதைக் குறை சொல்லவில்லை. களஞ்சியம் நிரம்பியது யாருக்கு என்பதே கேள்வியாயிற்று. விளைச்சல் கூடியிருக்கிறதே, கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று விவசாயத் தொழிலாளர்கள் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதற்குப் பிறகுதான், 1969-ல், நியாயக் கூலிச் சட்டம் வந்தது. புது விதை தானாகக் கூலியை உயர்த்தவில்லை. செங்கொடியின் கீழ் சங்கம் கட்டியவர்கள் ரத்தம் சிந்தித்தான் அது உயர்ந்தது.

இன்னொரு அனுபவமும் உண்டு. 1990-களில் நாகைக் கடலோரத்தில் நெல் வயல்கள் இறால் குட்டைகளாக மாறின. ஏற்றுமதி, அந்நியச் செலாவணி, வேலை வாய்ப்பு என்று பேசினார்கள். உப்புத் தண்ணீர் பக்கத்து வயலிலும் குடிநீர்க் கிணற்றிலும் ஏறியது. நடவும் களையும் அறுப்பும் இருந்த நிலத்தில் நாலைந்து காவலாட்கள் மட்டும் மிஞ்சினார்கள். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஈரநிலம், கிராமப் பொது நிலம் எதையும் இறால் குட்டையாக்கக் கூடாது என்றது. 2005-ல் வந்த சட்டம் அந்தத் தீர்ப்பின் கூர்மையை மழுக்கிவிட்டது.

குட்டையில் இறால் வளர்ந்தால் என்ன, பாசி வளர்ந்தால் என்ன? நிலமில்லாதவனுக்கு இரண்டும் ஒன்றுதான். கடற்பாசிக்கு உப்புத் தண்ணீர் போதும், நெல் வயலைத் தொடமாட்டோம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லக்கூடும். இறால்காரர்களும் அப்படித்தான் கரையோரத்தில் தொடங்கினார்கள். வேதாரண்யத்தில் உப்பு வாரிப் பிழைப்பவனும், முத்துப்பேட்டை அலையாத்தியில் மீன் பிடிப்பவனும் இந்த நாட்டு ஜனங்கள்தான்.

நிலத்துக்கு அடியிலிருந்தும் எரிபொருள் தேடி வந்தார்கள். மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேன் என்றார்கள். நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் என்றார்கள். 2017-ல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் ஊரே திரண்டு நின்றது. அந்தப் போராட்டங்களின் பலனாகவே 2020-ல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் வந்தது. கீழே தோண்டத் தடை போட்ட மண்ணை மேலே குட்டையாக்கிக் கெடுக்க நாம் சம்மதிக்க முடியாது.

செய்ய வேண்டியது என்ன?

டெல்டாவில் புழுங்கல் அரிசி மில்கள் ஏராளம். ஒரு டன் நெல்லை ஊறவைக்க ஒரு டன்னுக்கு மேல் தண்ணீர் பிடிக்கிறது. ஊறிய பின் வெளியேறும் நீர் மஞ்சளாய், புளித்த நாற்றத்தோடு வாய்க்காலில் கலக்கிறது. நாற்றம் அடிப்பதற்குக் காரணமான அதே சத்துக்கள்தான் பாசிக்கும் பூஞ்சைக்கும் தீனி. விலைக்குச் சர்க்கரை வாங்க வேண்டாம். வாய்க்காலில் வீணாகும் சத்தே போதும். கழிவு நீரில் இவற்றை வளர்த்தால் தண்ணீர் சுத்தமாகும். வடித்தெடுத்த உருண்டை வயலுக்கு உரமாகும், அல்லது சாண எரிவாயுக் கலத்தில் போட்டால் கொதிகலனுக்கு வாயுவாகும். எண்ணெய் கட்டுப்படியானால் அதுவும் ஆகட்டும். முதலில் சுத்தமான தண்ணீர், அடுத்து உரம், கடைசியில் எண்ணெய் என்பதே ஏழை நாட்டுக்கு ஏற்ற வரிசை. கம்பெனி இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கும். எண்ணெய் விலை இறங்கிய அன்று குட்டையை அப்படியே விட்டுவிட்டு ஓடும்.

எனவே நாம் கோருவது இதுதான்.

ஒன்று: தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நவீன அரிசி ஆலை ஒன்றில் சர்க்கார் செலவில் இந்தச் சோதனையைத் தொடங்க வேண்டும். நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகப் பிறந்து வளர்ந்த தஞ்சை மத்திய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும், திருச்சி பாசி மையமும், ஆடுதுறை நிலையமும் இதில் ஒன்றுகூட வேண்டும். முடிவுகளைத் தமிழில் ஜனங்களுக்கு வெளியிட வேண்டும்.

இரண்டு: மக்கள் பணத்தில் கண்டுபிடித்ததைத் தனியார் பேரில் பதிவு செய்து பூட்டக் கூடாது. பாசி வித்தும் பூஞ்சை வித்தும் கூட்டுறவு சங்கங்கள் வழியே கிராமத்துக்குக் கிடைக்க வேண்டும்.

மூன்று: நன்செய் நிலம், உப்பளம், புறம்போக்கு, ஏரி, குளம் எதையும் எரிபொருள் குட்டைக்குக் குத்தகை விடக் கூடாது. மேட்டூர்த் தண்ணீரில் ஒரு சொட்டும் இதற்குத் திருப்பக் கூடாது. குறுவைக்கே தண்ணீர் இல்லாமல் தவித்த ஆண்டுகளை நாம் மறக்கவில்லை.

நான்கு: தொழிலாளியின் மார்பு காக்கப்பட வேண்டும். இந்தச் சோதனைகளில் அதிகம் கையாளப்படும் ஆஸ்பர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகளில் சில, நுரையீரலில் புகுந்து நோய் தருபவை. உமித்தூசியில் ஏற்கெனவே இருமிக்கொண்டிருக்கும் மில் தொழிலாளி மீது பூஞ்சைத் தூளையும் கொட்ட அனுமதிக்க முடியாது. கேடில்லாத இனத்தையே பயன்படுத்த வேண்டும். முகக் கவசமும் மருத்துவப் பரிசோதனையும் முதலாளி செலவில் தர வேண்டும். கழிவுத் தொட்டியில் ஆளை இறக்குவது அறவே கூடாது. மூடிய தொட்டியின் விஷவாயு ஒரே மூச்சில் ஆளைக் கொல்லும்.

ஐந்து: பாசி உரம் பெருக்கும் வேலை விவசாயத் தொழிலாளர் குடும்பப் பெண்களின் கூட்டுறவுகளுக்கே போக வேண்டும். இயந்திரம் வந்து நடவும் அறுப்பும் குறைந்துவிட்ட கிராமத்தில், வேலையில்லா மாதங்களுக்கு அது ஒரு பிடிப்பாகும். கூலி பணமாக, குறித்த நாளில், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக வர வேண்டும்.

ஆறு: பசியுள்ள நாட்டில் கிடங்கு அரிசியை எரிபொருளாக்கும் கொள்கையைக் கைவிட வேண்டும். அந்த அரிசி ரேஷன் கடைக்குப் போகட்டும்.

இந்தக் கோரிக்கைகள் எட்டாக் கனி ஒன்றுமில்லை. பண்ணையாள் முறை தஞ்சையில் நிரந்தரம் என்று மிராசுதார்கள் நினைத்த காலம் உண்டு. பி. சீனிவாசராவ் போன்ற தோழர்கள் சேரிசேரியாக நடந்து சங்கம் கட்டினார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்தன. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அன்று கேட்டவை இவற்றைவிடப் பெரியவை.

மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் இதில் தனித்தனியே நிற்கக் கூடாது. மில்லின் கழிவு நீர் ஓடுவது வயலில். வயலின் நெல் வருவது மில்லுக்கு. ஒருவன் மூச்சும் மற்றவன் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் கலந்து கிடக்கின்றன. கல்பாசியில் பூஞ்சையும் பாசியும் சேர்ந்து பாறையில் பிழைப்பதைப் பார்த்தோம். தொழிலாளி-விவசாயி ஐக்கியத்துக்கு அதைவிடப் பெரிய பலம் உண்டு. தொழிற்சங்கக் கிளைகளும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் கூட்டாகக் கூடி இந்த ஆறு கோரிக்கைகளையும் விவாதிக்க வேண்டும். கிராம சபைகளில் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். கம்பெனி வண்டி ஊருக்குள் நுழையுமுன் அந்தத் தீர்மானம் ஊர்ச் சாவடியில் ஒட்டப்பட்டிருக்கட்டும்!